கொட்டச் சொன்னால் வெட்டுவார்கள்

ஓசூர் மத்திகிரி ரோட்டில் கம்பெனி பஸ்கள் நிற்கும் இடத்தில் மூன்று புங்க மரங்கள் இருந்தன. 'இருந்தன' என்று எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சாக்கடை தோண்டியவர்கள் வேரடி மண்ணையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு காற்று அடித்தால் மரம் சாய்ந்துவிடும். நடையாய் நடந்து, மாநகராட்சியில் மரங்களைக் கவனிக்கும் சூப்பர்வைசரைப் பிடித்து, "கொஞ்சம் மண் போடச் சொல்லுங்க சார்" என்று கெஞ்சினேன். அவரும் என் எதிரிலேயே மேஸ்திரியைக் கூப்பிட்டு, "அந்த பஸ் ஸ்டாப் மரத்துக்கெல்லாம் கொட்டிடுப்பா" என்றார். எனக்குப் பரம திருப்தி.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை போய்ப் பார்க்கிறேன்... இரண்டு மரங்கள் தரையில் கிடக்கின்றன. மூன்றாவதன் அடியில் பூக்கூடையோடு முனியம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஷிப்ட் விட்டு வரும் பெண்களுக்கு அந்த நிழலில்தான் அவர் பூ விற்பது.

"நெழலு போச்சுன்னா பூவெல்லாம் வாடிப்பூடும். அப்பறம் யாரு வாங்குவாங்க? நா எந்திரிக்க மாட்டேன்."

"யாருப்பா வெட்டச் சொன்னது?" என்று மேஸ்திரியிடம் பாய்ந்தேன்.

"சாரே கொட்டமன்னாரு" என்றார் அவர், வெகு நிதானமாக.

சாரே கொட்டச் சொன்னாராம். தமிழில் கொட்டு என்றால் மண்ணைக் கொட்டு. மேஸ்திரியின் வீட்டுத் தெலுங்கில் மரத்தைக் கொட்டு என்றால் — வெட்டு. 'மண்' என்ற ஒரு சொல்லைச் சூப்பர்வைசர் விழுங்கிவிட்டார். மூன்று பாஷை புழங்கும் ஓசூரில் மேஸ்திரி மேல் என்ன குற்றம்?

சூப்பர்வைசர் வந்தார். சிரித்தார். "பாஷைப் பிரச்னை சார்."

பாஷைப் பிரச்னையா? மண் கொட்டக் கோடாரி எதற்கு என்று ஆபீஸில் ஒருவராவது கேட்டாரா? மண் லாரி இன்றுவரை வரவில்லை. விழுந்த மரத்தை அள்ள மட்டும் லாரி உடனே வந்து நிற்கிறதே... அதை எந்த பாஷையில் கூப்பிட்டார்கள்? தண்ணீர் ஊற்று என்றால் எந்த பாஷையிலும் இவர்களுக்குப் புரியாது. வெட்டு என்பது மட்டும் சொல்லாமலேயே புரிந்துவிடும்.

நான் போட்ட சத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றவர்களும் கூடிவிட்டார்கள். சூப்பர்வைசர் இறங்கி வந்தார்.

"சரிம்மா, எந்திரி. இத வெட்ட மாட்டாங்க. மண்ணு போட்டு, சுத்தி வேலியும் கட்டச் சொல்லிடறேன்."

முனியம்மா அசையவில்லை.

"நீ ஒண்ணும் சொல்ல வாணாம் சாமி. நீ வாயத் தொறக்காம இருந்தாலே இது பொழச்சுக்கும்."