மூன்று அறை உள்ள இதயம்

போன வருஷம் அரையாண்டுத் தேர்வு சமயத்தில், கல்வராயன் மலையில் நான் அறிவியல் டீச்சராக இருக்கும் பள்ளியில் நடந்தது இது. எனக்கு வீடு வடக்கனந்தல் பக்கம். தினமும் காலையில் பஸ் பிடித்து மலை ஏறி, சாயங்காலம் இறங்கி வருவேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சந்தேக புத்தி ஜாஸ்தி. கேஸ் சிலிண்டர் வந்தால் எடை போட்டுப் பார்க்காமல் உள்ளே விடமாட்டேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா நிஜமாகவே தூங்குகிறாரா, இல்லை என் பையை நோட்டம் விடுகிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வருவேன். போலீஸில் சேர்ந்திருக்க வேண்டியவள் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் அடிப்பார். அப்படிப்பட்டவள் வீட்டிலேயே ஒருத்தர் ஆப் தயாரிக்க உட்கார்ந்தால் என்ன ஆகும்?

வேறு யாருமில்லை, என் கொழுந்தன்தான். சென்னையில் பார்த்த கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்து, எங்கள் ஹாலில் லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் வகுப்பில் எழுதிய நோட்டைப் போனில் போட்டோ எடுத்தால், ஆப் அதைப் படித்து கார்டு கார்டாகப் பிரித்துக் கொடுக்குமாம். முன்பக்கம் கேள்வி. விரலால் தட்டினால் கார்டு திரும்பிப் பதில் வரும்.

"அண்ணி, உங்க பத்தாங்கிளாஸ் பசங்க நோட்டு கெடச்சா டெஸ்ட் பண்ணிப் பாத்துடுவேங்க. எல்லாம் சும்மாதாங்க, காசு கெடயாது" என்றார்.

சும்மா என்று கேட்டாலே எனக்குச் சந்தேகம் இரண்டு மடங்காகிவிடும். ஒரு வாரம் அவரைத் துருவித் துருவி விசாரித்தேன். பிறகு நிபந்தனை போட்டேன். பிள்ளைகள் பெயரோ முகமோ எங்கேயும் வரக்கூடாது. இன்டர்நெட்டில் இருந்து ஒரு வரிகூட எடுக்கக்கூடாது, நான் நடத்தியது மட்டும்தான் கார்டில் வரவேண்டும். பிள்ளைகளுக்கும் அது தெரியும்படி ஒவ்வொரு கார்டின் கீழேயும் 'மிஸ் நடத்தியது' என்று போட வேண்டும். மனிதர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

மலையில் இருக்கும் பெற்றோர்கள் என்னையே மிஞ்சிவிட்டார்கள். வெளியாள் யாராவது போனைத் தூக்கிப் பிடித்தாலே அங்கே நாலு பேர் கூடிவிடுவார்கள்.

"எங்க புள்ளிங்க நோட்ட படம் புடிச்சிக்கினு போயி இன்னா பண்ணப் போறீங்க டீச்சர்?" என்று ஒரு அப்பா என்னையே மடக்கினார். நான் போட்ட நிபந்தனைகளை எடுத்துச் சொன்ன பிறகுதான் ஒத்துக்கொண்டார். கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போகிறவர். அவர் மகள்தான் என் வகுப்பிலேயே நன்றாகப் படிக்கிற பெண். ஒன்பதாவதோடு அவளையும் வேலைக்குக் கூட்டிப்போக இருந்தவரை, நானும் தலைமையாசிரியரும் கெஞ்சித்தான் நிறுத்தி வைத்திருந்தோம். "படிக்கட்டும். ஆனா பள்ளிக்கூடத்துல இருந்து ஒரு பேச்சு வந்துச்சு, மறுநாளே இட்டுக்கினு பூடுவேன்" என்று அப்போதே கறாராகச் சொல்லியிருந்தார்.

பிள்ளைகள் வீட்டுப் போனில் அந்தக் கார்டுகளைத் தட்டிப் படிக்க ஆரம்பித்தார்கள். அரையாண்டுத் தேர்வு முடிந்தது. விடைத்தாள் திருத்தும்போது, 'மனித இதயத்தில் எத்தனை அறைகள்?' என்ற கேள்விக்கு அந்தப் பெண் மூன்று என்று எழுதியிருந்தாள். கைதவறி எழுதிவிட்டாள் என்று நினைத்தேன். அவள் ஊர்க்காரப் பெண்கள் இன்னும் இரண்டு பேர். அவர்களும் மூன்று! யாரிடமிருந்தும் ரத்தம் பெறக்கூடிய வகை எது என்றால், மூன்று பேரும் 'ஓ' என்று எழுதியிருந்தார்கள். வகுப்பில் மற்ற எல்லோரும் நாலு என்றும் 'ஏபி' என்றும் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். இந்த மூன்று பேரும் தேர்வில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்தவர்கள். பார்த்து எழுதியதற்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? தலைமையாசிரியர் தாள்களைப் பார்த்ததும், நாளைக்கே மூன்று பேர் வீட்டிலிருந்தும் ஆள் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன். "பாத்து எழுதல மிஸ். ஆப்புல அப்படித்தான் இருந்துச்சு" என்றாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. மாட்டிக்கொண்டதும் போன் மேல் பழி போடுகிறாயா என்று கத்திவிட்டேன். அவள் அழவில்லை. "அப்பா வந்தா என்ன இட்டுக்கினு பூடுவாரு மிஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது சந்தேகம் கொழுந்தன் பக்கம் திரும்பியது. எனக்குத் தெரியாமல் கண்டதையும் சேர்த்துவிட்டாரோ? போன் போட்டேன்.

"சத்தியமா ஒரு எழுத்துகூட நான் சேக்கலங்க அண்ணி" என்றார்.

எல்லாரும் இப்படித்தான் சத்தியம் செய்வார்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

பஸ் கிளம்பியதும் என் போனில் ஆப்பைத் திறந்து, அந்த மூன்று பெண்களின் கார்டுகளை அவர்கள் வரிசை எண்ணை வைத்துத் தேடி, தட்டித் தட்டிப் பார்த்தேன். அவள் சொன்னது நிஜம்தான். இதயத்துக்கு மூன்று அறை! செடியில் தண்ணீரை மேலே கொண்டுபோவது சைலம் இல்லையாம், புளோயமாம்! என்ன அநியாயம் இது என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன், கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். பதிலுக்குக் கீழே நோட்டில் இருந்த வாக்கியமும் வந்தது. 'மனித இதயத்தில் மூன்றே மூன்று அறைகள்தான் உள்ளன.' அந்த 'மூன்றே மூன்று' எனக்கு எங்கேயோ உறைத்தது. அப்படிப் பேசுகிற ஆள் அந்தப் பள்ளியில் ஒருத்திதான். நான்தான்!

ஒவ்வொரு பாடம் முடிந்ததும் 'சரியா, தவறா' நடத்துவது என் வழக்கம். பிள்ளைகளை ஏமாற்றுவதற்காக, தப்பான வாக்கியத்தை ரொம்ப நிச்சயமாக இருப்பதுபோல் போர்டில் எழுதுவேன். வகுப்பே "தப்பு மிஸ்ஸ்ஸ்" என்று கூரை அதிரக் கத்தும். எல்லோரும் எழுதிக்கொண்டு பக்கத்தில் சிவப்பு மையால் பெருக்கல் குறி போடுவார்கள். அதற்குள் மணி அடித்துவிடும். சரியான பதில்தான் எல்லாருக்கும் தெரியுமே என்று அதை எழுதச் சொல்லமாட்டேன். கொழுந்தனோ, டீச்சர் திருத்துகிற சிவப்பு மை குழப்பக்கூடாது என்று சிவப்பை மட்டும் விட்டுவிட்டுப் படிக்கும்படி ஆப்பைச் செய்து வைத்திருந்தார். பெருக்கல் குறி போய்விட்டது, வாக்கியம் நின்றுவிட்டது. இந்த மூன்று பெண்களும் அந்த வாரம் ஊர்த் திருவிழா என்று வகுப்புக்கே வரவில்லை. விட்டுப்போன பாடத்தை அடுத்தவர் நோட்டிலிருந்து அவசரமாகப் போட்டோ எடுத்துக்கொண்டு, கார்டை வைத்தே படித்திருக்கிறார்கள். கத்தின சத்தம் அவர்கள் காதில் விழவே இல்லை.

மறுநாள் காலையில் மகளைக் கையோடு கூட்டிப்போகத் தயாராகத்தான் அந்த அப்பா வந்திருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் தலைமையாசிரியர் நம்பவில்லை. பிள்ளைகளைக் காப்பாற்றக் கதை சொல்கிறேன் என்று நினைத்தார். அவர் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அதனால், தேர்வில் வராத என் தப்பு வாக்கியங்களாகப் பார்த்து, மூன்று பேரையும் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். மூன்று பேரும் நான் போர்டில் எழுதிய அதே பொய்யை, தடுமாறாமல் ஒப்பித்தார்கள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்துவிட்டார்.

அந்த அப்பா சிரிக்கவில்லை. "அப்ப எம்பொண்ணு பாத்து எழுதலதான?" என்றார்.

"இல்லைங்க. தப்பு எங்க மேலதான்."

"அத எங்கிட்ட இன்னாத்துக்குச் சொல்றீங்க? அவகிட்ட சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, மகளை விட்டுவிட்டு அவர் மட்டும் கிளம்பிப் போனார்.

வராந்தாவில் நின்றிருந்தவளிடம் போய்ச் சொன்னேன். மன்னித்துக்கொள் என்றும் சொன்னேன். அப்புறமும் என் புத்தி சும்மா இருக்கவில்லை. "ஏம்மா, புத்தகத்துல நாலு அறைன்னு படமே போட்டிருக்கே, நீ பாக்கலியா?" என்று கேட்டேன்.

"பாத்தேன் மிஸ். நாலுன்னுதான் இருந்துச்சு. ஆனா கார்டுல நீங்க நடத்துனதுன்னு போட்டிருந்துச்சா, அதான் புக்குல தப்பா அச்சடிச்சிட்டாங்கன்னு நெனச்சிக்கினேன்" என்றாள்.

கொழுந்தன் இப்போது ஆப்பை மாற்றிவிட்டார். பிள்ளைகளே புத்தகத்தோடு ஒத்துப் பார்த்து 'சரி' என்று அழுத்தினால்தான் கார்டு சேரும். நானும் சரியான விடையை எழுதிப்போடாமல் வகுப்பை விட்டு வெளியே வருவதில்லை, மணி அடித்தால் அடிக்கட்டும். ஆனாலும், நான் அவளைத் திருடி மாதிரி நிறுத்தி விசாரித்த நேரத்தில்கூட, எனக்காகப் புத்தகத்தையே சந்தேகப்பட்டுக்கொண்டு நின்ற அந்தப் பிள்ளையை நினைத்தால், இத்தனை நம்பிக்கைக்கு நான் என்ன செய்துவிட்டேன் என்று இன்றைக்கும் கூசிப்போகிறேன்.