வெல்டாவின் கணக்குப் பரீட்சை

வெல்டா ஸ்டிடம் என்பவள் எங்கள் தேவாலயச் சபைச் சகோதரி. தாயைக் கவனிக்க ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். பதினேழு வருடமாக முதியோர் இல்லத்தில் நோயாளிகளைக் குளிப்பாட்டி ஊட்டிவிடும் வேலை. போன வசந்தத்தில் இல்லம் கைமாறியது. பள்ளிப் படிப்புக்குச் சமமான சான்றிதழ் வாங்க ஆறு மாதக் கெடு கொடுத்தார்கள்; வாங்காதவர்கள் கெடு முடிகிற வெள்ளிக்கிழமையோடு போகலாம் என்றார்கள். நிலக்கரிச் சுரங்கத்தில் முதுகொடிந்த புருஷன் டெல்மருக்கு மருந்து வருவது அவள் வேலையின் காப்பீட்டில்தான்.

அந்தச் சான்றிதழ்த் தேர்வின் நான்கு பாடத்தில் மூன்றில் தேறிவிட்டாள். கணக்கில் மட்டும் இரண்டு தடவை தோல்வி.

"நூத்திப் பத்து கிலோ ஆளைத் தனியா தூக்கி உட்கார வைக்கிறேன் சிஸ்டர். இந்தப் பின்னம் என்னைப் படுக்க வெச்சிருச்சு" என்பாள்.

கெடு முடிகிற வாரத் திங்கட்கிழமை, மூன்றாம் தடவை எழுத, கல்லூரித் தேர்வு மையத்துக்கு நான்தான் காரோட்டினேன். முந்தின நாள் சபையில் எண்ணெய் பூசி, எல்லோரும் கைவைத்து ஜெபித்த ஒரு துணித்துண்டைக் கொடுத்தோம். நோயாளிகளுக்கும் அப்படித்தான் கொடுப்போம்; உடுப்புக்குள் நெஞ்சோரம் ஊக்கால் குத்திக்கொள்வார்கள். வெல்டாவும் அப்படியே குத்திக்கொண்டாள். ஆளுக்கொரு பைபிள் வசனம் சொன்னார்கள். துணி சிறியது. அதனால் அதிகாரம், வசனம் இரண்டின் எண்களை மட்டும் மையால் எழுதினேன். பதினான்கு வரி. நான் ஆறாம் வகுப்புக்குமேல் போகாதவள். பரீட்சைக் கூடம் பார்த்ததில்லை.

வாசலில் ரோண்டா என்ற கண்காணிப்பாளர் கடிகாரம், கைப்பை எல்லாம் வாங்கிப் பெட்டியில் பூட்டினாள். "வேற ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

"ஒண்ணுமில்லம்மா" என்றாள் வெல்டா. பொய்யல்ல. அந்தத் துணியை ஒரு பொருளாக எங்களில் யார் நினைப்போம்?

அரைமணியில் ரோண்டா அவளை நான் காத்திருந்த இடத்துக்கு அழைத்து வந்தாள். ஒரு கணக்கில் திணறி, வெல்டா துணியை எடுத்து உள்ளங்கையில் பொத்தி ஜெபித்திருக்கிறாள். கேமராவில் தெரிந்துவிட்டது.

"நம்பரா எழுதியிருக்கே!" என்று துணியை விரித்துக் காட்டினாள் ரோண்டா.

"வசனம்மா அது! அந்தக் கையெழுத்து என்னோடது. தண்டனைன்னா எனக்குக் குடுங்க" என்றேன்.

ரோண்டாவின் கண் கலங்கியது. "எங்க அம்மாவும் இந்த மாதிரித் துணியைக் குத்திக்கிட்டுத்தான் செத்தாங்க. எனக்குத் தெரியுது. மேல இருக்கிறவங்களுக்குத் தெரியாதே. பரீட்சைய நிறுத்தியாச்சு. விசாரணை முடிய ஒரு மாசம் ஆகும்."

"வெள்ளிக்கிழமைதான் கடைசிம்மா" என்றாள் வெல்டா. "மறுபடி உட்கார வைங்க. வேணும்னா உடுப்பெல்லாம் கழட்டிப் பாத்துக்கங்க."

ரோண்டா தலையசைத்து மறுத்தாள். துணியையும் சாட்சிக்கென்று உறையில் போட்டுக்கொண்டாள்.

காரில் நான் அழுதேன். வெல்டா அழவில்லை.

"என்னை மன்னிச்சிரு" என்றேன்.

"பதினோரு கணக்கு போட்டிருந்தேன் சிஸ்டர். பதினொண்ணும் சரியா வந்த மாதிரி இருந்துச்சு." பிறகு, "சபையில சொல்லிராதீங்க. பாவம், மனசு உடைஞ்சிருவாங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு இல்லத்தின் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். ஞாயிறன்று சபையில் கர்த்தர் செய்த நன்மைகளை எழுந்து சாட்சி சொல்லும் நேரத்தில் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவளை எழுந்திருக்க விடாமல் நான் எழுந்தேன். எண்களை எழுதியது நான் என்று சொன்னேன். அதோடு உட்கார்ந்துவிட்டேன். டெல்மரின் மாத்திரை இன்னும் பன்னிரண்டு நாளைக்கு இருக்கிறது.