ஒரே முகமுள்ள முப்பத்தேழு அட்டைகள்

அண்ணை கனடாவுக்குப் போய்ப் பதினெட்டு வருடங்கள். இன்னும் ஒருமுறைகூட ஊருக்கு வரவில்லை. அவர் விட்டுப்போன தகர பிஸ்கற் ரின் என் அலுமாரியில் இருக்கிறது. உள்ளே முப்பத்தேழு கிரிக்கெற் அட்டைகள். எல்லாவற்றிலும் ஒரே ஆளின் படம்.

சண்டை ஓய்ந்து தெற்குக்கான பாதை திறந்திருந்த காலத்தில் நல்லூர்க் கடைகளில் பபிள்கம் வாங்கினால் பைக்கற்றுக்குள் ஆட்டக்காரர் ஒருவரின் அட்டையும் வரும். எனக்குப் பதினொரு வயது, அண்ணைக்குப் பதினாறு. பபிள்கம் எனக்கு, அட்டை அவருக்கு. அந்த வருடம்தான் அணிக்கு வந்திருந்த ஓர் இளம் பந்துவீச்சாளரை மட்டும் அண்ணை தேடித் தேடிச் சேர்த்தார். பெரிய ஆட்டக்காரர்களின் அட்டைகளைக் கொடுத்துக்கூட அவனை வாங்கினார்.

“முதல் வருச அட்டை. பிறகு உதுக்கு நல்ல விலை வரும், இருந்து பார்” என்பார்.

ஆளைப் பற்றி அவர் நினைத்தது பிழையாகவில்லை. அந்தப் பந்துவீச்சாளன் பெரிய பெயர் எடுத்தான். போன மாதம் அண்ணை தொலைபேசியில் கூப்பிட்டு, எங்கேயோ ஒரு பழைய அட்டை பெரிய விலைக்குப் போனதாம், எங்களுடையதையும் யாரிடமாவது காட்டு என்றார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பழைய நாணயமும் தபால் முத்திரையும் விற்கிறவரிடம் கொண்டுபோனேன். அவர் இரண்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ரின்னை என் பக்கம் தள்ளினார்.

“விலை இல்லை, தங்கச்சி. கணக்கில்லாமல் அடிச்சு விட்டவங்கள். விலை ஏறும் எண்டு எல்லாரும் பத்திரமா வச்சிருக்கினம். பாதிப் பேர் எறிஞ்சிருந்தால் ஏறியிருக்கும்.”

அன்று பின்னேரம் வீடியோவில் அண்ணையிடம் சொன்னேன். அங்கே காலை. வேலைக்குப் போகிற உடுப்போடு இருந்தார். சிரித்தார். பிறகு, “ஒவ்வொண்டாக் காட்டு” என்றார்.

எல்லாம் ஒன்றுதானே என்று எண்ணிக்கொண்டே முதலாவதை எடுத்துப் பிடித்தேன்.

“மூலை மடிஞ்சிருக்குதே, அது சாவகச்சேரிச் சந்தையில வாங்கினது. அம்மாவோட மாம்பழம் வாங்கப் போன நாள்.”

அடுத்ததில் மைக்கறை. கணக்குப் பாடத்தில் பக்கத்து வாங்கில் இருந்தவன் தந்ததாம். இன்னொன்று மழையில் நனைந்து அவர் தலையணைக்குக் கீழே வைத்துக் காயவைத்தது. எனக்கு ஒன்றுபோலத் தெரிந்த முகங்களை அவர் அந்தச் சின்னத் திரையிலேயே பிரித்து அறிந்தார். வேலைக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது. அவர் எழும்பவில்லை.

பின்பக்கம் நீலப் பென்சிலால் கோடு கீறிய ஒன்றைக் காட்டியபோது மட்டும் திரைக்குக் கிட்டக் குனிந்தார்.

“அது உன்ரை” என்றார் பிறகு. “உன்ரை பள்ளிக்கூடக் கொப்பிக்குள்ள இருந்தது. கேக்காமல் எடுத்தனான்.”

எனக்கு அது நினைவிலேயே இல்லை. அதைத் தனியே எடுத்து மேசையில் வைத்தேன்.

“எப்ப அண்ணை வாறியள்?”

“அடுத்ததைக் காட்டு” என்றார்.