நியூட்ரலில் உருண்ட நாற்காலி

போன மார்கழியில், லிந்துலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து ரோட்டில் நடந்தது இது. நான் முப்பது வருடம் கொழுந்து லொறி ஓட்டியவன். சீனி வியாதியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்த பிறகு மூன்று வருடம் லயத்து வீட்டு வாசலே கதியென்று கிடந்தேன். பார்க்கச் சகிக்காமல், கொழும்பில் வேலை செய்யும் மகள் ஜப்பானில் யாரோ பாவித்த, நடக்க முடியாதவர்களுக்கான பழைய பேட்டரி வண்டி ஒன்றை வாங்கி அனுப்பினாள். நான்கு சக்கரம், ஒரு இருக்கை, ஒரு ஹாரன், மனிதன் நடக்கிற வேகம். கூட வந்த புத்தகம் முழுக்க ஜப்பான் எழுத்து.

அன்றைக்குத் தொடங்கியது குழப்பம். இது வண்டியா, நாற்காலியா? வண்டி என்றால் ரோட்டில் இடது பக்கம் போக வேண்டும். நடக்கிற ஆள் கணக்கு என்றால், எதிரே வரும் வாகனம் தெரிகிற மாதிரி வலது பக்கம். ஆட்டோக்காரர்களைக் கேட்டால் ஆளுக்கொரு சட்டம் சொன்னார்கள். சந்தியில் நின்ற பொலிஸ்காரர் ஒரு நாள் பள்ளிப் பிள்ளைகளோடு சேர்த்து என்னையும் மஞ்சள் கோட்டில் ரோட்டைக் கடக்க வைத்தார். அதே மனிதர் அடுத்த வாரம் ஹெல்மெட் எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். நான் முழித்ததைப் பார்த்து அவரும் முழித்தார்.

வீட்டுக்காரி ஒன்றுதான் சொன்னாள். "என்னைக்காச்சும் ஒரு தடவ விழுந்தீங்கன்னா, அந்தச் சாவிய அடுப்புல போட்டுருவேன்." செய்யக்கூடியவள்தான். சாவி போனால் நான் மறுபடி வாசலோடு சரி.

அந்த மார்கழி நாளில் கிளினிக்குக்குத் தனியாகக் கிளம்பினேன். நல்ல பனி. பாதி இறக்கத்தில் பார்த்தால் பேட்டரி பாதிக்கு வந்துவிட்டது. திரும்பி ஏறி வரச் சார்ஜ் வேண்டுமே. இறக்கத்தில் நியூட்ரலில் போட்டு உருளவிட்டு டீசலை மிச்சம் பிடிப்பது எங்கள் மலைப்பக்கத்து டிரைவர்களின் பழக்கம். எனக்கும் உண்டு. வண்டியின் பின்னால், மோட்டாருக்குப் பக்கத்தில், ஒரு சிவப்பு லிவர் இருந்தது. அதைத் தூக்கினால் வண்டியைக் கையால் தள்ளலாம் என்று தெரியும். ஆக அதுதான் நியூட்ரல் என்று முடிவுகட்டி, உட்கார்ந்தபடியே கையைப் பின்னால் விட்டுத் தூக்கினேன்.

நன்றாகத்தான் உருண்டது. முதல் வளைவு தாண்டி வேகத்தைக் குறைக்கப் பார்த்தால் குறையவில்லை. வழக்கமாக, ஓட்டுகிற கைப்பிடியை விட்டாலே நின்றுவிடும். விட்டேன், நிற்கவில்லை. அந்த வண்டிக்குப் பிரேக்கும் மோட்டாரோடுதான், லிவரைத் தூக்கினால் இரண்டும் சேர்ந்து கழன்றுவிடும் என்று பிறகு மகள் யாரிடமோ விசாரித்துச் சொன்னாள். அப்போது எனக்கு என்ன தெரியும்? இல்லாத வலது காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தேன். லிவரை எட்டிப் பிடிக்கத் திரும்பினால் வண்டி பள்ளத்துப் பக்கம் இழுத்தது. கீழே, கூப்பிடு தூரத்தில், பஸ் ஓடுகிற மெயின் ரோடு.

அதற்குக் கொஞ்சம் மேலே, பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துக்கொண்டிருந்தார்கள். ரோட்டோரமாகச் சாக்குகள், ஏழெட்டுப் பெண்கள். ஹாரனை அழுத்திக்கொண்டே, "பிரேக் இல்ல, வெலகுங்க" என்று கத்தினேன். அவர்கள் விலகவில்லை. "சாக்க இழுங்கடி" என்று ஒருத்தி சொன்னது கேட்டது. நாலைந்து கொழுந்துச் சாக்கை நடுரோட்டில் இழுத்துப் போட்டார்கள். நான் அதில் போய்ப் புதைந்தேன்.

கண்ணைத் திறந்தால் வாயெல்லாம் பச்சைக் கொழுந்து. முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. இரண்டு சாக்கு கிழிந்து, காலையிலிருந்து அவர்கள் பறித்தது ரோட்டில் கிடந்தது. யாரும் ஏசவில்லை. ஒருத்தி மட்டும் கொழுந்தை அள்ளிக்கொண்டே, "ஏண்ணே, நீங்க வண்டியில வந்தீங்களா, நாக்காலியில வந்தீங்களா? வீட்டுல அக்கா கேட்டா என்னான்னு சொல்றது?" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

வீட்டுக்காரி சாவியைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். லிவரைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டிக் காட்டிய பிறகுதான் திருப்பிக் கொடுத்தாள். ரோட்டில் எந்தப் பக்கம் போவது என்பது இன்றைக்கும் எனக்குத் தெளிவாகவில்லை.

அதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று இருக்கிறது. லொறி ஓட்டிய காலத்தில் இதே பெண்களுக்கு ஹாரன் அடித்துக்கொண்டே வருவேன். கூடையோடு ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நிற்பார்கள், சேறு தெறிக்கும், நான் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அன்றைக்கு மட்டும் அவர்கள் ஏன் விலகாமல் நின்றார்கள் என்று நினைக்கும்போதெல்லாம், உயிர் பிழைத்த சந்தோஷத்தைவிட வெட்கம்தான் எனக்கு அதிகமாக வருகிறது.