வெட்டண்டாம்

தேங்காய்ப்பட்டணத்துச் செல்வதாஸ் பிடித்த மயில்மீனை ஏலக்கூடத்தில் கிடத்தியபோது தலை கூடத்தில் இருந்தது, வால் நாகர்கோவில் பஸ்ஸுக்குள் இருந்தது. சரி, வாலைக் கொஞ்சம் இழுத்து நீட்டியாயிற்று. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம் இருக்கும்; அதில் பொய் இல்லை.

கரை மறைந்த கடலில் மற்றவர்கள் எக்கோ மிஷினைப் பார்த்துத்தான் மீன் தேடுவார்கள். செல்வதாஸ் பறவையைப் பார்ப்பான். விழுந்து விழுந்து எழுந்தால் அடியில் பொடிமீன். விழப் பயந்து ஒரே இடத்தைச் சுற்றினால் பெரியவன் நிற்கிறான். அப்படி ஓரிடத்தில்தான் இரைக்கு உயிருள்ள அயிலை மீனைத் தூண்டிலில் கோத்து இறக்கினான். போட்டை ஓட்டியவன் ஷிபு, செல்வதாஸின் மனைவி நேசபாய்க்குத் தம்பி.

மீன் விழுங்கியது. நூலை விட்டுக்கொடுத்தான். காலடிச் சுருளிலிருந்து ஒரு வளையம் எகிறி வலதுகை விரல்களில் விழுந்து இறுகியது. மீன் ஒரு பக்கம், போட்டு ஒரு பக்கம், நடுவில் விரல்கள். ஷிபு கத்தியோடு பாய்ந்து வந்தான்.

"வெட்டண்டாம்!" என்று அலறினான் செல்வதாஸ்.

ஷிபு நூலை வெட்டவில்லை. விரல்கள் போயின, மீன் ஏறியது.

மீனோடு ஷிபு நிற்கிற போட்டோ துபாய் வரை போயிற்று. செல்வதாஸ் ஆஸ்பத்திரியில் கிடந்தான். எழுந்து வந்தபோது அவனுக்குப் புதுப்பெயர் காத்திருந்தது. சந்தையில் தாணம்மாள் கேட்பாள்: "ஏலே வெட்டண்டாம், அயிலையை முழுசாத் தரட்டா, வெட்டித் தரட்டா?" அவனும் சேர்ந்து சிரிப்பான். ஒருநாள் கடலுக்குத் திரும்பிவிடலாம் என்ற நினைப்பில் சிரிக்கிற சிரிப்பு அது.

ஷிபு சொந்தமாக ஒரு போட்டு கட்டியதும் செல்வதாஸ் போய்க் கேட்டான்.

"பறவை பாக்கக் கண்ணு போதும்லா மக்கா. என்னையும் ஏத்து."

"கை போன ஆளை ஏத்துனா போட்டுக்கு ராசி இல்லன்னு பயலுவ சொல்லுதானுவ மச்சான். விருந்துக்கு மட்டும் வாரும்."

போனான். புதுப் போட்டைக் கடலில் இறக்கிய விருந்தில் இதே கதை இதே மாதிரி ஓடியது. அந்த இடம் வந்ததும் பந்தியே சேர்ந்து "வெட்டண்டாம்!" என்று கூவியது. ஷிபுதான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கூவினான்.

இடதுகையால் சோறு பிசைந்துகொண்டிருந்த செல்வதாஸ் தலை தூக்கினான்.

"கதை நல்லாத்தான் இருக்கு. ஒரு வார்த்தைதான் பிசகு. நான் 'வெட்டுலே'ன்னுதான் சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். இவன் என் முகத்தைப் பாத்தான். பொறவு மீனைப் பாத்தான்."