கஸ்தூரி கட்டிய நீச்சல் தொட்டி

கரிக்கலாம்பாக்கத்தில் கஸ்தூரியை நாகராஜன் பெண்டாட்டி என்று யாரும் சொல்லமாட்டார்கள். நாகராஜனைத்தான் கஸ்தூரி புருஷன் என்பார்கள். அவன் கப்பலேறிப் போய் சைகோன் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் துரையிடம் குமாஸ்தாவாக இருந்த காலம் பூராவும், இங்கே நெல்லையும் கரும்பையும் ஆட்களையும் கட்டி மேய்த்தவள் அவள். ஒரே மகளைப் பாகூரில் கட்டிக் கொடுத்ததும் அவள்தான். புருஷன் கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் வந்து சேர்ந்து, பந்தலில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்துவிட்டுப் போனான்.

அவள் அப்பா மஞ்சக்காணியாக எழுதிக் கொடுத்த நிலம், புருஷன் வீட்டுத் தென்னந்தோப்பை ஒட்டியே இருந்தது. தோப்பு முடிந்து வண்டிப் பாதை ஆரம்பிக்கிற இடத்தில், அந்த நிலத்தில், அவளே கிட்ட நின்று இரும்புக் குழாய் இறக்கினாள். பாகூர்ப் பக்கத்து மண்ணுக்கு அப்படி ஒரு கொடுப்பினை. ஆழத் துளைத்துக் குழாயை இறக்கிவிட்டால் ஏற்றம் வேண்டாம், கவலை இறைக்க மாடு வேண்டாம், தண்ணீர் தானாகப் பொங்கி மேலே வரும். ஊத்துக் குழாய் என்பார்கள். கஸ்தூரியின் குழாய்த் தண்ணீர் வாய்க்காலில் விழுந்து, கரும்புக் கொல்லை ஓரமாக ஓடி, கடைசியில் ஒரு சின்னக் குட்டையில் போய் நிற்கும். சேரிப் பெண்கள் குடிதண்ணீர் மொள்வது அந்தக் குட்டையில்தான். குழாயடிக்கு அவர்கள் வரக்கூடாது. யார் போட்ட சட்டம் என்று கேட்காதீர்கள், எனக்குக் கெட்ட கோபம் வரும். அந்தக் காலத்தில் அப்படித்தான் இருந்தது, கஸ்தூரியும் அதைப் பற்றி யோசித்ததில்லை.

அவள் மனசில் வேறு ஒரு குறை இருந்தது. பிறந்த ஊரான கரையாம்புத்தூரில், அப்பாவின் வயல் கிணற்றில், அண்ணன் தம்பிகளோடு சரிக்குச் சரி நீந்தியவள் அவள். கவலை மரத்தின்மேல் ஏறி நின்று தலைகீழாகக் குதிப்பாள். அடிமட்டம் வரை போய் ஒரு பிடி சேறு அள்ளி வந்து, "பாத்துக்கோ!" என்று தம்பி முகத்தில் அப்புவாள். பெரியவளானதும் எல்லாம் நின்றது. அன்றிலிருந்து கிணற்றடியில் உட்கார்ந்து சொம்பில் மொண்டு ஊற்றிக்கொள்வதுதான் குளியல். குடும்பத்தில் எல்லாம் கிடைத்தது, நீச்சல் மட்டும் போச்சு. அதை யாரிடம் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள்.

முப்பத்தாறாம் வருஷம் நாகராஜன் சைகோனை விட்டு ஒரேயடியாகத் திரும்பி வந்தான். அந்தச் சித்திரையில் வெயில் மண்டையைப் பிளந்தது. விசிறியோடு தோப்பில் உட்கார்ந்திருந்தவன் ஒரு நாள் ஆரம்பித்தான்.

"கஸ்தூரி, அங்க துரை வூட்டுக்குப் பின்னால நீச்சல் தொட்டி ஒண்ணு கட்டி வச்சிருந்தாங்க. நாலு பக்கமும் சுவரு, தண்ணி கண்ணாடியா நிக்கும். துரையும் தொரசானியும் சாயங்காலம் ஆனா அதுலதான் கெடப்பாங்க. நம்ம தோப்புலயும் ஒண்ணு கட்டினா இன்னா?"

கஸ்தூரிக்கு நெஞ்சு திக்கென்றது. சந்தோஷத்தில்தான். ஆனால் முகத்தில் காட்டுவாளா?

"கொசு வரும். தவள வரும். உங்க அண்ணன் வருவாரு," என்றாள். "யோசிக்கலாம், இருங்க."

யோசிப்பதற்கு ஒன்றுமே இல்லை, அவள் மனசு அந்த நிமிஷமே அதில் குதித்தாகிவிட்டது.

சொன்ன மாதிரியே நாகராஜனின் அண்ணன் அரங்கநாதன் மறுநாளே வந்தார். குடும்பத்துக்குப் பெரியவர். துண்டை உதறித் தோளில் போட்டாரென்றால் தீர்ப்பு சொல்லப்போகிறார் என்று அர்த்தம். தொட்டி ஈசானியத்தில் இருக்கணும், பாதையில் போகிறவன் கண் படக்கூடாது, நல்ல நாள் பார்த்துக் கடைக்கால் போடணும் என்று அடுக்கினார். கடைசியில் துண்டை உதறினார்.

"ஆம்பளைங்க முழுவலாம். பாகூரு சம்மந்திங்க வந்தா அவங்களும் எறங்கட்டும், நமக்குத்தான் கௌரவம். பொம்பளைங்களுக்குக் கெணத்தடி இருக்குது."

கஸ்தூரிக்கு மூத்தாரிடம் நேருக்கு நேர் பேசும் வழக்கமில்லை. அதனால் என்ன? வாசலில் செவலைக் கன்று கட்டியிருந்தது. அதனிடம் பேசுவாள்.

"ஏ கன்னுக்குட்டி, கேட்டியா? தொட்டி அவங்க தோப்புல இருக்கலாம். தண்ணி என் மஞ்சக்காணியிலருந்து வரணும். காலையில தொட்டி எனக்குன்னா தண்ணி வரும். இல்லாட்டி காலிப் பள்ளத்துல உக்காந்து அவங்க கௌரவத்தப் பாத்துக்கட்டும்."

கன்று ஒன்றும் சொல்லவில்லை. அரங்கநாதன்தான் தொண்டையைக் கனைத்தார். "சரி சரி, ஆளுயரத்துக்கு மேல சுவரு எழுப்பச் சொல்லு. காலையில அது முழுவிட்டுப் போவட்டும், ஆம்பளைங்க சாயங்காலம் பாத்துக்கறோம்," என்று தம்பியிடம் சொன்னார். கஸ்தூரி உள்ளே போய், யாரும் பார்க்காமல், ஒரு துண்டு வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டாள்.

கொத்தனார் பக்கிரி ஆட்களோடு வந்து பள்ளம் தோண்டினார். செங்கல் அடுக்கி, சுண்ணாம்பை அரைத்துப் பூசினார். ஒரு பக்கம் படிக்கட்டு. குழாய்த் தண்ணீர் நேரே தொட்டிக்கு வந்து, தொட்டி நிறைந்து வழிந்து, பழைய வாய்க்காலில் போய்க் கரும்புக்குப் பாயும். ஒரு சொட்டு வீண் கிடையாது. திட்டம் கஸ்தூரி போட்டது, அவளுக்கே அதில் கொஞ்சம் கர்வம். திசை பார்த்தார்கள், நாள் பார்த்தார்கள், யார் கண் படும், யார் எப்போது இறங்குவது என்று எல்லாம் பார்த்தார்கள். ஒன்றை மட்டும் அந்த வீட்டில் ஒருத்தரும் பார்க்கவில்லை.

அதைச் சொல்ல ரோசம்மாள் வந்தாள். கஸ்தூரியின் வயலில் நாற்று நடும் பெண்களுக்கெல்லாம் தலைவி, சேரிக்காரி, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி. கரும்புக் கொல்லை வரப்பில் தள்ளி நின்றுகொண்டு கூப்பிட்டாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். கோவிச்சிக்கக் கூடாது."

"கேளு."

"தொட்டியில நீங்க குளிப்பீங்க, ஐயா குளிப்பாரு, சம்மந்தி வூட்டு ஆளுங்க குளிப்பாங்க. அந்தத் தண்ணிதான குட்டைக்கு வரும்? அதத்தான நாங்க குடிக்கணும்?"

கஸ்தூரிக்குச் சுருக்கென்றது. கோபம்தான் முதலில் வந்தது. "ஏண்டி, எங்க வூட்டு ஆளுங்க குளிச்சா தண்ணி தீட்டாயிடுமா?"

"தீட்ட யாரும்மா சொன்னது? அழுக்கச் சொல்றேன். எண்ணெ இருக்கும், சீயக்கா இருக்கும், வேர்வை இருக்கும். நீங்க குடிப்பீங்களா?"

கஸ்தூரி, தீட்டு என்றால் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வருவது என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவள். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஏதாவது போகும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட, தொட்டி கைவிட்டுப் போய்விடுமோ என்று பயமாக இருந்தது. சுவர் முக்கால்வாசி எழும்பியாயிற்று. இன்னும் பத்து நாளில் குதித்திருப்பாள்.

"போ, நான் பாத்துக்கறேன்," என்றாள்.

"எப்படிம்மா?"

"பாத்துக்கறேன்னு சொல்றேன்ல!"

அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தண்ணீரை இரண்டாகப் பிரிக்கலாமா என்றால், கோடையில் கரும்பு காய்ந்துவிடும். தொட்டியே வேண்டாம் என்று விட்டுவிடலாமா என்றால், மனசு கேட்கவில்லை. சும்மா சொல்லக்கூடாது, அவளுக்கு அந்தத் தண்ணீர் வேண்டும். தோப்புக்குப் போய்க் குழாய் முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு பக்கிரியைக் கூப்பிட்டாள்.

"குழாய் சுவருக்கு வெளிய, பாதைப் பக்கம் இருக்கட்டும். குழாய்க்கு அடியில சின்னத் தொட்டி ஒண்ணு கட்டுங்க. ரோசம்மா ஆளுங்க அதுல மொண்டுக்கட்டும். அது ரொம்பி வழியறது உள்ள நீச்சல் தொட்டிக்கு வரட்டும். அங்கருந்து கரும்புக்கு."

பக்கிரி பூசிக்கொண்டிருந்த கரணையைக் கீழே வைத்தார். "அம்மா, பெரியவரு உசுரோட உடமாட்டாரு."

"உங்களையா, என்னையா?"

"ரெண்டு பேரையுந்தான்."

சேதி போய்ச் சேர அரை நாழிகை ஆகவில்லை. அரங்கநாதன் வந்த வேகத்தில் துண்டு எங்கேயோ விழுந்துவிட்டது.

"நாகராஜா! அவளுங்க கொடத்தப் போட்டு முக்கின தண்ணியில நம்ம வூட்டு ஆம்பளைங்க முழுவறதா? புத்தி கெட்டுப் போச்சா உங்களுக்கு?"

கஸ்தூரி கன்றைத் தேடினாள். மேய்ச்சலுக்குப் போயிருந்தது. வேறு வழியில்லாமல் கதவிடம் பேசினாள். "நாம முழுவின தண்ணிய அவங்க குடிக்கலாமாம். அவங்க குடிக்கிற தண்ணியில நாம முழுவக்கூடாதாம். நல்லாருக்குது நியாயம்!"

நாகராஜன் அண்ணனைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான், தோப்புப் பக்கம் நடந்துவிட்டான். கஸ்தூரி பின்னாலேயே போனாள். பாதி பூசின தொட்டிக் கட்டைமேல் உட்கார்ந்திருந்தான்.

"ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. துரை வூட்டுத் தொட்டியில நீங்க எத்தன தடவ முழுவினீங்க?"

நாகராஜன் கட்டையில் காய்ந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினான். பிறகு சொன்னான். "ஒரு தடவகூட இல்ல."

"உடலியா?"

"உடறதா? ஒரு நாள் தொரசானி துண்டு காத்துல பறந்து தண்ணில விழுந்துச்சு. எடுத்துக் குடுக்கலாம்னு கைய உட்டேன். முழங்கை வரைக்குந்தான். அந்தம்மா பாத்துடுச்சு. சாயங்காலமே ஆளுங்கள உட்டு அவ்வளவு தண்ணியையும் எறைச்சிக் கொட்ட வச்சாங்க. நான்தான் நின்னு பாத்துக்கணும்னு சொன்னாங்க. நின்னு பாத்தேன்."

கஸ்தூரிக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை காலமாகக் கடிதத்தில் எழுதாதது. பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

அவனே எழுந்தான். வீட்டைப் பார்க்க நடந்து, அண்ணன் எதிரில் போய் நின்றான். பிறந்ததிலிருந்து அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவன்.

"மொதல்ல அவங்க மொள்ளட்டும், அண்ணா. மிச்சந்தான் நமக்கு."

அரங்கநாதன் தொண்டை கிழியக் கத்தினார். நம் வம்சத்தில் ஒரு ஆம்பளைக் கால் அந்தத் தொட்டியில் படாது, சம்மந்தி வீட்டுக்கும் ஆள் அனுப்பிச் சொல்கிறேன் என்று சத்தியம் செய்துவிட்டுப் போனார். சொன்னபடி செய்தும் விட்டார். பாகூரிலிருந்து ஒரு ஈ காக்கை வரவில்லை. சொந்தக்காரர்கள் தோப்புப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

"அப்பாடா," என்றாள் கஸ்தூரி. "காலையும் எனக்கு, சாயங்காலமும் எனக்கு."

தொட்டி நிறைந்த அன்று காலையில், வெளியே சின்னத் தொட்டியில் குடங்கள் இடிபடும் சத்தம் கேட்டது. பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டே மொண்டார்கள். உள்ளே கஸ்தூரி புடவையை வரிந்து கட்டிக்கொண்டு தொட்டிக் கட்டைமேல் ஏறி நின்றாள். இத்தனை வருஷத்தில் மறந்துபோயிருந்தால்? படிக்கட்டருகே நாகராஜன், "வேணாம் கஸ்தூரி, படி வழியா எறங்கு," என்று கெஞ்சினான். அதற்குள் அவள் குதித்துவிட்டாள். தண்ணீர் தென்னை மரம் வரைக்கும் தெறித்தது. மறக்கவில்லை, கை கால் எல்லாம் அப்படியே இருந்தது. அடிமட்டம் வரை போய், பக்கிரி ஆட்கள் விட்டுப்போன மணலில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு மேலே வந்தாள்.

"பாத்துக்கோங்க!" என்று அதை நாகராஜன் காலடியில் அப்பினாள்.

சுவருக்கு வெளியே பேச்சு நின்றுபோயிற்று. ரோசம்மாள் குரல் கேட்டது. "அம்மா? இன்னாம்மா அது சத்தம்? தேங்கா மட்டையா விழுந்துச்சு?"

"நான்தாண்டி குதிச்சேன்!"

அத்தனை பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

"தண்ணி எப்படிம்மா இருக்குது?"

"நீ மொண்டது போக மிச்சம்டி. ஜில்லுனு இருக்குது!"

நாகராஜன் குனிந்து காலில் ஒட்டிய மணலைத் தட்டினான். தோளில் இருந்த துண்டு நழுவித் தண்ணீரில் விழுந்தது. எடுக்கக் கையை நீட்டியவன், பாதியில் அப்படியே நின்றுவிட்டான். கஸ்தூரி அதைப் பார்த்தாள். துண்டை எடுத்துத் தரவில்லை. நீந்திப் படிக்கட்டுக்கு வந்து, ஈரக் கையை நீட்டினாள்.

"எனக்கு நீச்சல் தெரியாதே," என்றான்.

"எனக்குத் தெரியும். வாங்க, புடிச்சிக்கறேன்."

நாகராஜன் முதல் படியில் காலை வைத்தான்.