பிரேக் பிடித்தால் பாயும் லாரி

சர்க்கரை என் கணவரின் வலது பாதத்தை மரத்துப்போகச் செய்த பிறகு அவர் லாரி ஓட்டுவதை விட்டுவிட்டார். ஒட்டன்சத்திரத்திலிருந்து, நாங்கள் குடியிருக்கும் இந்த மலையாள ஊரின் சாலை மார்க்கெட்டுக்குக் காய்கறி கொண்டுவருகிற லாரி. ஒருநாள் கிள்ளிப்பாலம் சிக்னலில் பிரேக்கை மிதித்துவிட்டதாக நினைத்திருக்கிறார். பாதம் பிரேக்கின் மேல் இல்லவே இல்லை. முன்னால் நின்ற ஆட்டோவை இடிப்பதற்குள் ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்திவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று சாயங்காலமே சாவியை ஓனரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். ஏன் என்று கேட்டேன்.

"கால் எங்க இருக்குன்னு தெரியலட்டி" என்றார்.

பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் லீவுக்கு வந்தபோது ஒரு பெரிய அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே கம்ப்யூட்டரில் மாட்டி விளையாடுகிற ஸ்டியரிங். அதன் பின்பக்கம் விரலால் இழுக்கிற மாதிரி இரண்டு பிடிகள். வலது பிடியை இழுத்தால் வண்டி வேகம் எடுக்கும், இடது பிடியை இழுத்தால் நிற்கும். காலுக்கு வேலையே கிடையாது. லாரி ஓட்டுகிற விளையாட்டு ஒன்றையும் அவளே வாங்கி ஏற்றிக்கொடுத்தாள். இதே ஊரில், கழக்கூட்டம் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் உருவாக்கியதாம்.

முதல் நாள் அவர் சிரித்தார். "சின்னப் பிள்ளையளுக்கு உள்ளதாக்கும் இது." இரண்டாம் நாள் குளித்து, விபூதி பூசி, அதன் முன்னால் உட்கார்ந்தார். அதன் பிறகு எங்கள் வீட்டுச் சாயங்காலங்களே மாறிவிட்டன. நான் ஆரியசாலையில் ஒரு பாத்திரக்கடையில் பில் போடுகிறேன். கடை முடிந்து படியேறி வரும்போதே ஏர் ஹார்ன் சத்தம் கேட்கும். "ஆரியங்காவு எறங்கிட்டு இருக்கேன், செத்த பொறு" என்பார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். நான் டீயைப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவர் மலையிறங்கி வந்து வண்டியை ஓரங்கட்டும்வரை காத்திருப்பேன்.

ஓணத்துக்கு முன்னால் அந்த விளையாட்டுக்கு ஒரு பெரிய அப்டேட் வரப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். புதிய சாலைகள், மழை, விழிஞ்ஞம் துறைமுகம். "கன்டெய்னர் எடுக்கலாமாம் பாத்துக்கோ" என்று என்னிடம் பலமுறை சொல்லிவிட்டார். அப்டேட் வந்த அன்று நான் வீட்டுக்குள் நுழைந்தபோது ஹார்ன் சத்தம் இல்லை. கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. அவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"என்னங்க, கரண்ட் இல்லியா?"

"கவுந்துட்டு."

"எது?"

"வண்டி. எறக்கத்துல எதிர்ல பஸ்ஸு வந்துச்சு. பிரேக்கப் பிடிச்சேன். அது பாஞ்சுட்டு. நேரா பள்ளத்துல."

விளையாட்டுதானே என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை. அத்தனை வருஷ ஓட்டத்தில் ஒரு வண்டியையும் கவிழ்க்காதவர். மறுநாள் காலை டீ குடிக்கும்போதுதான் விஷயம் புரிந்தது. சூடான கண்ணாடிக் கிளாசில் ஒவ்வொரு விரலாக வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தார். முதலில் இடது கை, பிறகு வலது. நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் கிளாசைத் தூக்கிக் குடித்துவிட்டார்.

காலைப்போலக் கையும் போய்விட்டதோ என்று பயந்திருக்கிறார். வலது பிடியை இழுத்துவிட்டு, இடதை இழுத்ததாக நினைத்துக்கொண்டோமோ என்று.

அன்று கடையில் மத்தியானம் ஆள் வராத நேரத்தில் போனை எடுத்து, அந்த விளையாட்டுக்காரர்கள் கூடிப் பேசுகிற பக்கத்தைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு உயிர் வந்தது. மலையாளத்திலும் தமிழிலும் இந்தியிலும் ஒரே திட்டு. ஒருவருக்கு டோல்கேட் கம்பி வானத்துக்குப் போய்விட்டது. ஒருவருடைய லாரி இடுப்புவரை ரோட்டுக்குள் புதைந்து ஓடுகிறது. பிரேக் பிடித்தால் வண்டி பாய்கிறது என்று இன்னும் சிலரும் எழுதியிருந்தார்கள். "படுபாவிகளா, வெளிய விடறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது நீங்க ஓட்டிப் பாத்தீங்களா?" என்று அவர்களில் ஒருவர் கேட்டிருந்தார். அதை வீட்டுக்கு வந்து அவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன்.

"அவனும் கைல ஓட்டுறவனா?" என்று மட்டும் கேட்டார்.

"அது தெரியாது. ஆனா பலபேருக்கு ஆகுது. ஒங்க கை ஒண்ணும் ஆகல."

பாதி நம்பினார். ஒரு வாரத்தில் அடுத்த அப்டேட் வந்தது. எல்லாம் சரிசெய்துவிட்டோம் என்று போட்டிருந்தார்கள். நான் வற்புறுத்தி உட்காரவைத்தேன். வண்டி கிளம்பியது, மழை பிடித்தது. மழை லாரிக்குள் பெய்தது. ஸ்டியரிங் மேலும் சீட்டு மேலும் ஊற்று ஊற்றென்று ஊற்றுகிறது, வெளியே ரோடு காய்ந்து கிடக்கிறது. இந்தச் சமயம் பார்த்து ஒரு வளைவில் பிரேக் மறுபடியும் பாய்ந்தது. அவர் எழுந்து ஸ்டியரிங்கைத் துணிபோட்டு மூடிவிட்டார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அன்றைக்கே அந்தக் கம்பெனிக்கு நீளமாக எழுதினேன். காலைப் பற்றி எழுதினேன், கிளாசில் விரல் வைத்ததை எழுதினேன். பதில் வரும் என்று நினைக்கவில்லை. போனே வந்தது. ஒரு சின்னப் பெண்ணின் குரல், மலையாளம் கலந்த தமிழ்.

"சேச்சி, நான் டெஸ்டிங்ல இருக்கேன். சேச்சி எழுதினது வாயிச்சு, முழுசா படிச்சேன். ரொம்ப சாரி, கேட்டோ. அந்த பிரேக் விஷயம் எங்க ஆபீஸ்ல எத்தனை ஓட்டினாலும் வரமாட்டேங்குது."

"ஆபீஸ்ல நீங்க எதுல ஓட்டிப் பாப்பீங்க?"

"கீபோர்டு. பின்னே கால் பெடல்."

"கையால மட்டும்?"

"அது யாரும் அதிகம் பாக்கல சேச்சி. ஓணத்துக்கு வரும்னு விளம்பரம் பண்ணியாச்சு. நாங்க ரெண்டு பேர்தான் டெஸ்டிங்."

"பாக்காம எதுக்கு விடணும்? இங்க ஒரு மனுஷன் கை போச்சுன்னு ஒக்காந்திருக்கார்."

"மனசிலாயி சேச்சி" என்றாள். அந்தக் குரலில் அழுகை எட்டிப் பார்த்ததுபோல இருந்தது. என் கோபம் கொஞ்சம் இறங்கிவிட்டது. தேதியை முடிவு செய்தவர்கள் வேறு யாரோ, போன் பேசுகிறவள் இவள். பிறகு அவளே கேட்டாள், வெளியே விடுவதற்கு முன்பாக அடுத்த அப்டேட்டை அனுப்பினால் சேட்டன் ஓட்டிப் பார்ப்பாரா என்று.

சேட்டனைச் சம்மதிக்க வைப்பது லேசாக இல்லை. கடைசியில் துறைமுகத்தைக் காட்டித்தான் மடக்கினேன். உட்கார்ந்தார், ஓட்டினார். விழிஞ்ஞத்தில் கன்டெய்னர் ஏற்றி, பைபாஸ் பிடித்து, ஒரு கோடு தாண்டாமல் கொண்டுபோய் இறக்கினார். ஒரு கோளாறும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அந்தப் பெண் போனில் பெருமூச்சு விட்டாள்.

"சேட்டன் ரொம்ப நல்லா ஓட்டுறார் சேச்சி. அதாணு பிரஸ்னம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். வாரத்தில் அந்த ஒருநாள் சமையல் அவருடையது. நான் சும்மா போய் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். நான் ஸ்கூட்டர்கூட ஓட்டியதில்லை. எது எந்தப் பிடி என்று புரிவதற்குள் பின்னால் போய் ஒரு டீக்கடையை இடித்தேன். டீக்கடைக்காரர் அசையாமல் டீ ஆற்றிக்கொண்டே இருந்தார். ரோட்டில் ஏறினேன். எதிரே ஒரு பஸ். ஐயோ என்று இரண்டு பிடிகளையும் சேர்த்து இழுத்துவிட்டேன். லாரி மூக்கைத் தூக்கியது, பிறகு இறங்கியது. வலது கையை விட்டுவிட்டு பிரேக்கை மட்டும் பிடித்தேன்.

பாய்ந்தது.

"ஏங்க! இங்க வாங்க, ஓடி வாங்க!"

மீன் வாசத்தோடு ஈரக்கையோடு வந்து நின்றார். விட்டுவிட்டு மறுபடியும் செய்து காட்டினேன். இரண்டையும் சேர்த்து இழுத்தால் போதும், அதன் பிறகு பிரேக் ஆக்சிலேட்டராகவும் ஆக்சிலேட்டர் பிரேக்காகவும் ஆகிவிடுகிறது. திரும்பத் திரும்பச் செய்தேன், ஒருமுறைகூடத் தப்பவில்லை.

"ரெண்டையும் சேத்து எவளாவது பிடிப்பாளாட்டி?"

"நான் பிடிப்பேன்."

அவர் என் தோளுக்கு மேலே குனிந்து திரையைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "பஸ்ஸு வந்தப்போ அன்னைக்கு நானும் பிடிச்சிருப்பேன். ஆக்சிலேட்டரை முழுசா விடுறதுக்குள்ள பிரேக்கைப் பிடிச்சிருப்பேன். மழையிலயும் அப்படித்தான் இருக்கும்."

"அப்போ நீங்க பிரேக்கைத்தான் பிடிச்சிருக்கீங்க."

"பிரேக்கைத்தான் பிடிச்சிருக்கேன்" என்றார். கையைக் கைலியில் துடைத்துவிட்டு, விரல்களை மடக்கி விரித்துப் பார்த்தார். முகம் அப்படியே இளகிவிட்டது. அடுக்களைக்குத் திரும்பிப் போனவர், மீன் குழம்பு கொதிக்கிறவரை ஏதோ ஒரு பாட்டை முனகிக்கொண்டிருந்தார்.

போனில் படம் பிடித்து அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன். அவள் உடனே கூப்பிட்டு, "கிட்டிப்போயி சேச்சி, கிடைச்சாச்சு!" என்று கத்தினாள். பக்கத்தில் யாரோ கைதட்டுகிற சத்தமும் கேட்டது.

அதைச் சரிசெய்தார்கள். வேறு கோளாறுகள் வந்தன, இன்னும் வருகின்றன. எல்லா அப்டேட்டும் ஒழுங்காக வருகிறது என்று நான் சொல்லமாட்டேன். போன மாதம் வந்ததில் வைப்பரைப் போட்டால் ரேடியோ பாடியது, அதைப் பார்த்து அவர் போட்ட சத்தம் கீழ்வீட்டுக்குக் கேட்டிருக்கும். ஆனால் இப்போதெல்லாம் பெரும்பாலும் வெளியே விடுவதற்கு முன்பே எங்களுக்கு வந்துவிடுகிறது. முதலில் அவர் ஓட்டுவார், எல்லாம் சரியாக இருக்கிறது என்பார். பிறகு நான் உட்காருவேன். சுவரில் இடிப்பேன், ஒருவழிப் பாதையில் எதிர்ப்பக்கம் போவேன், பாலத்திலிருந்து குதிப்பேன், நடு ரோட்டில் ஹார்னையும் இன்டிகேட்டரையும் ஹெட்லைட்டையும் ஒன்றாகப் போடுவேன். அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்.

"லைசென்ஸ் யாருட்டி குடுத்தா ஒனக்கு?"

"பேசாம இருங்க. வேலையா இருக்கேன்."

போன சனிக்கிழமை அந்தப் பெண் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வந்தவள், எங்கள் வீட்டுக்கும் வந்தாள். முதல்முறையாக நேரில் பார்த்தோம். அவர் அவளுக்கு நெய்மீன் வறுத்துப் போட்டார். சாப்பிட்ட பிறகு அவளையும் ஸ்டியரிங் முன்னால் உட்காரவைத்து, மலையிறக்கத்தில் வளைவுக்கு முன்பே எப்படி வேகம் குறைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அவள் இரண்டாவது வளைவிலேயே கவிழ்த்தாள். மூன்று பேரும் சிரித்தோம்.

"பரவால்ல மக்கா" என்றார் அவர். "மேலேர்ந்து மறுபடி எறங்கு."